கடன் கொப்பி கைத்தொலைபேசிக்குள் போகும்போது

2009 இல் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்தவர்களில் எனக்குத் தெரிந்த வியாபாரிகள் எவரும் கடன் கொப்பியோடு வரவில்லை. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மிஞ்சிய நகை என்று மடியில் கட்டிக்கொண்டு வந்தவற்றுக்குள் அதற்கு இடம் இருக்கவில்லை. மீளக்குடியமர்ந்து கடை திறந்தபோது, யார் எவ்வளவு தரவேண்டும் என்பது வாய்ச்சொல்லாகத்தான் மிஞ்சியிருந்தது. இன்றும் வன்னியில் எத்தனையோ சிறு வியாபாரங்கள் ஒற்றைக் கொப்பியை நம்பித்தான் ஓடுகின்றன. நிரல் எழுதத் தெரியாதவர்களும் அந்தக் கொப்பியைக் கைத்தொலைபேசிக்குள் கொண்டுவர இப்போது வழி இருக்கிறது. அதற்கு 'லோ-கோட்' என்று பெயர்.

பெயரை 2014 இல் வைத்தது ஃபொரெஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம். காரியம் அதற்கு முந்தியது. 1979 இல் விசிகால்க் என்ற விரிதாள் வந்தபோதே, கணக்கு வைப்பவர் நிரலாளரிடம் போகாமல் தன் கணக்கைத் தானே கணினிக்குச் சொல்ல முடிந்தது. லோ-கோட் அதற்கு அடுத்த படி. படிவம், பட்டியல், பொத்தான் எல்லாம் ஆயத்தமாக இருக்கும். எதை எதோடு பொருத்துவது என்பதை மட்டும் நாங்கள் சொல்கிறோம். தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் ஸோஹோ நிறுவனம் 2006 இலேயே 'கிரியேட்டர்' என்ற கருவியை வெளியிட்டது. கூகுள் 2020 இல் 'அப்ஷீட்' நிறுவனத்தை வாங்கியது. சிறு வியாபாரிக்குத் தொடங்க இலகுவானது அப்ஷீட் என்பது என் எண்ணம். அதற்கு அடித்தளமாக ஒரு சாதாரண கூகுள் விரிதாள் போதும்.

ஒட்டுசுட்டான் பக்கம் கச்சான் வியாபாரம் செய்யும் என் பெரியம்மாவின் மகளுக்காக ஒன்றைச் செய்து பார்த்தேன். அக்கா தோட்டக்காரரிடம் மூடையாக வாங்கி, வறுத்து, பக்கற் பண்ணி, ஏ-9 வீதியோரக் கடைகளுக்குக் கொடுக்கிறார். முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாகனத்தை நிறுத்தி நீங்கள் வாங்கும் கச்சானுக்குப் பின்னாலும் இப்படியொரு கணக்கு இருக்கும். கொப்பியில் எல்லாம் ஒரே பக்கத்தில் கலந்து கிடந்தது. விரிதாளில் அதை நான்காகப் பிரித்தோம்: கடைகள், கொடுத்த பக்கற்றுகள், வந்த காசு, செலவு. ஒவ்வொரு கடைக்கும் ஓர் இலக்கம். அந்த இலக்கத்தைப் பிடித்துத்தான் செயலி கொடுத்ததையும் வந்ததையும் ஒன்றுசேர்த்து, மிச்சத்தைக் காட்டும். விரிதாளை அப்ஷீட்டுக்குக் காட்டியதும் படிவங்களை அதுவே உருவாக்கிவிடுகிறது. தலைப்புகள் எல்லாம் தமிழிலேயே இருக்கலாம். சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்தாலும் தொலைபேசியில் நின்று, பிறகு மேலே ஏறும். உள்ளூர் வீதிகளில் இது சின்ன விடயமில்லை.

செயலி செய்வது அரை நாள் வேலை. எதை எழுதவேண்டும் என்று முடிவெடுக்கத்தான் ஒரு கிழமை போனது. விறகு, பக்கற் பை, பஸ் காசு, வறுக்கும்போது குறையும் நிறை எதுவும் கொப்பியில் ஏறியதே இல்லை.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு கிழமையில் 30,000 ரூபாவுக்குப் பொருள் கொடுத்தாயிற்று. அதற்கான செலவு 21,000. இலாபம் 9,000 என்று மனம் சொல்லும். ஆனால் கடைகள் தந்தது 18,000 என்றால் கையில் 3,000 குறைகிறது. அந்தக் கிழமைக்கு நுண்கடன் தவணை 2,500 வந்து நின்றால், அது அடுத்த மூடை வாங்கும் காசில் இருந்துதான் போகும். முதல் கரைவது இப்படித்தான். கரைவது கண்ணுக்குத் தெரியாது. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவை நுண்கடன்களை இரத்துச் செய்ய அரசு முன்வரும் அளவுக்கு நிலைமை போயிருந்தது. வட்டியைச் செயலி குறைக்காது. ஆனால் இன்னொரு கடனுக்குக் கையெழுத்து வைக்கமுன், எவ்வளவு தவணை தாங்கும் என்பதை அக்கா தன் கணக்கிலேயே பார்க்கலாம். எனக்கு இது ஒன்றே போதும்.

இனி ஆபத்துகள். அப்ஷீட்டைப் பத்துப் பேர் வரை பரீட்சார்த்தமாக இலவசமாகப் பாவிக்கலாம். முறையாக வெளியிட்டால் ஆளுக்கு மாதம் 5 டொலரில் இருந்து கட்டணம். 2022 தொடக்கத்தில் 5 டொலர் ஏறத்தாழ 1,000 ரூபா; அதே வருடம் மே மாதத்தில் ஏறத்தாழ 1,800 ரூபா. கச்சான் பக்கற்றின் விலையை அப்படி ஏற்ற முடியாது.

அதைவிடப் பெரியது, கருவியே இல்லாமல் போவது. கூகுளின் 'அப் மேக்கர்' 2021 ஜனவரியில் மூடப்பட்டது. அமேசன் 2020 இல் தொடங்கிய 'ஹனிகோட்' 2024 பெப்ரவரியோடு முடிந்தது. செயலி போனாலும் கணக்கு போகாமல் இருக்கவேண்டும். ஆகவே தரவு விரிதாளில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதைத் தரவிறக்கி வேறோர் இடத்திலும் வையுங்கள். நிலுவைப் பக்கத்தை மட்டும் அச்சடித்து வைப்பதும் நல்லது. முதல் இரண்டு மாதம் பழைய கொப்பியையும் விடவேண்டாம்.

அடையாள அட்டை இலக்கம், படம், முழு முகவரி எதையும் செயலியில் ஏற்றாதீர்கள். கடன் கொடுக்கப் பெயரும் தொலைபேசி இலக்கமும் போதும். பட்டியல்களில் பெயர் எழுதிக் கொடுத்தே களைத்த சனம் நாங்கள்; எங்கள் கடையிலும் இன்னொரு பட்டியல் வேண்டாம்.

செய்து தருவதற்கு ஆட்கள் தூரத்தில் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. அங்கு படிக்கும் பிள்ளை ஒன்று ஊரில் இருந்தால் கேளுங்கள், உழைப்புக்குரிய காசையும் கொடுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்: விரிதாளும் செயலியும் உங்கள் பெயரிலுள்ள ஜிமெயில் கணக்கில்தான் உருவாகவேண்டும், கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கவேண்டும். செய்து தந்த தம்பி நாளை கனடாவுக்கோ கட்டாருக்கோ போய்விட்டால், கடையின் நிலுவையைப் பார்க்க அவருடைய வட்ஸ்அப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டிவரும்.