சிஸ்டரிடம் சொல்லாத சங்கதி

பல்லடம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். நாற்பது ஆண்டுகள் விசைத்தறி ஓட்டிய பெரியவர் ஒருவர் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாங்க வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்காச் சாப்பிடறீங்களா, ஐயா?" என்கிறார் நர்ஸ்.

"சாப்பிடறனுங்க அம்மணி."

உண்மையில், கொதிப்பு மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதமாகிறது. அதனால்தான் தமக்கு ஆண்மை குறைந்துவிட்டது என்பது அவர் எண்ணம். மகள் வயதுப் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வார்?

அவர் எண்ணம் முழுத் தவறும் அன்று. அட்டினலால் போன்ற சில மாத்திரைகளால் சிலருக்கு இந்தக் குறை வருவதுண்டு. சொன்னால் டாக்டர் வேறு மாத்திரை மாற்றித் தருவார். சொல்லாமல் நிறுத்தினால் பக்கவாதம் வரை போகலாம்.

ஆனால் பெரும்பாலும் குற்றவாளி சர்க்கரையே. ஆணுறுப்பு விறைக்க, நரம்பு நுனிகளிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு சுரந்து இரத்தக் குழாய்கள் தளர வேண்டும். அங்கே இரத்தம் நிரம்ப வேண்டும். நாள்பட்ட நீரிழிவு நரம்பையும் கெடுக்கிறது, குழாயையும் கெடுக்கிறது. அந்தக் குழாய்களின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். இதயக் குழாய்களோ 3 முதல் 4 மில்லிமீட்டர். அடைப்பு முதலில் எங்கே தெரியும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். படுக்கையறைக் குறை, சில ஆண்டுகள் கழித்து வரப்போகும் மாரடைப்பின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம்.

வாய் திறக்காதவர் மருந்துக்கடையில் சில்டெனாபில் வாங்குகிறார். நெஞ்சு வலிக்கு மருந்து தேடியபோது கிடைத்த இது, 1998-இல் அமெரிக்காவில் ஆண்மைக் குறைவுக்கு அனுமதி பெற்றது. தனியே அளவோடு, டாக்டர் சொல்லிச் சாப்பிட்டால் பெரும்பாலோருக்குப் பயமில்லை. நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டுடன் சேர்ந்தால்தான் ஆபத்து. சார்பிட்ரேட் குழாயைத் தளர்த்தும் பொருளைப் பெருக்குகிறது. சில்டெனாபில் அது அழியாமல் காக்கிறது. இரண்டும் கூடினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். சில்டெனாபில் சாப்பிட்டு 24 மணி நேரம், டடாலபில் என்றால் 48 மணி நேரம் ஆகும்வரை சார்பிட்ரேட் கூடாது. நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் இதை மறைக்கவே கூடாது.

பெண்கள் கதை வேறு. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது; பிறப்புறுப்பின் உட்சவ்வு மெலிந்து உலர்கிறது. உறவில் வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு. "நீர்க்கடுப்புங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடும். வலியைச் சொன்னால் களிம்பு உண்டு. விலக்கு நின்ற பிறகு துளி இரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும்; புற்றுநோயாக இருக்கலாம்.

யார் முதலில் பேசுவது? அமெரிக்க உளவியலாளர் ஜாக் ஆனன் 1976-இல் வகுத்த முறையின் முதற்படி 'அனுமதி': பேசலாம் என்று நோயாளிக்கு உணர்த்துவது. "சர்க்கரை இருக்கிற பலருக்குத் தாம்பத்தியத்திலும் சிரமம் வருதுங்கய்யா, உங்களுக்கு எப்படி?" என்று நர்ஸ் கேட்டால் போதும். 'பலருக்கு' என்ற சொல்லிலேயே பாதி வெட்கம் போய்விடும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். தறிச் சத்தத்தில் காது மந்தமானவரிடம் மெதுவாகக் கேட்க முடியாது; உரக்கக் கேட்டால் வரிசை முழுக்கக் கேட்கும்! 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. ஆனால் பனியன் கம்பெனித் தொழிலாளரின் லைன் வீடு ஒற்றை அறை. மருமகள் அங்கேயே சமைத்துக்கொண்டிருப்பார். சுவரில் ஒட்டும் விளம்பரத்தைவிட, சுகாதார நிலையத்தில் கதவு சாத்தக்கூடிய ஒரு சிறு அறையே மேல் என்பேன். கதவைச் சாத்திவிட்டால் காதருகே சத்தமாகவே கேட்கலாம்.