உங்களுக்குத் தெரியுமா? அரைமண்டியும் முழங்கால் வலியும்

சிதம்பரம் நடராசர் கோயில் கோபுர வாசல்களில் நடன நிலைகளான 108 கரணங்களும் சிற்பங்களாக நிற்கின்றன. 1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி நடன விழா நடக்கிறது. ஆட வருகிறவர்களில் பலருக்கும் பழகிப்போன உபாதை, முழங்கால் வலி.

வலிப்பது முழங்கால்தான், ஆனால் நல்ல பிசியோதெரபிஸ்ட் இடுப்பைச் சோதிக்காமல் விடமாட்டார். அரைமண்டியில், அதாவது முழங்கால்களை மடக்கிப் பாதி தாழ்ந்து நிற்கும் நிலையில், பாதங்கள் பக்கவாட்டில் திரும்பும். அந்தத் திருப்பம் பெரும்பாலும் இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். அது எவ்வளவு திரும்பும் என்பதில் தொடை எலும்பின் பிறவி அமைப்புக்கும் பங்குண்டு. பயிற்சியால் ஓரளவுதான் கூடும். ‘இன்னும் திருப்பு’ என்று அதட்டும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்கலாம்! குறையும் திருப்பத்தைப் பாதத்தை ஊன்றித் திருகி ஈடுகட்டினால், முறுக்கு முழங்காலில் விழும்.

குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை 90 பாகை மடக்கி, கோணமானியால் இடுப்பின் சுழற்சியை அளப்பார்கள். அரைமண்டியில் முழங்கால் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக நிற்கிறதா என்றும் பார்ப்பார்கள். சிகிச்சையில் பெரும்பகுதி, பிட்டத் தசைகளையும் முன்தொடைத் தசைகளையும் வலுவாக்கும் பயிற்சிதான். மின்சிகிச்சையெல்லாம் துணைக்கு. கல்தரையில் ஆடும் நேரத்தையும் கொஞ்ச காலம் குறைக்கச் சொல்வார்கள்.