100 வாட்... 48 மணி நேரம்... உலகம் முழுக்க! கிராமத்து மொட்டை மாடியில் ஹாம் ரேடியோ நிலையம் அமைப்பது எப்படி?

அக்டோபர் மாதத்தின் கடைசி முழு வார இறுதியின் சனிக்கிழமை. விடியற்காலை சரியாக 5.30 மணி. ஊர் இன்னும் முழுசாக விழித்திருக்காது. அந்த நிமிடத்தில் ஜப்பான், பிரேசில், இத்தாலி என உலகின் மூலைமுடுக்கெல்லாம் ஆயிரக்கணக்கானோர் மைக்கைக் கையில் எடுக்கிறார்கள். அடுத்த 48 மணி நேரத்துக்கு வானொலி அலைகளில் ஒரே திருவிழாதான்!

இதுதான் 'சி.க்யூ. வேர்ல்டு வைடு' போட்டி. ஹாம் ரேடியோ உலகின் ஒலிம்பிக்ஸ் என்றே சொல்லலாம். அக்டோபரில் குரல், நவம்பரில் மோர்ஸ் என ஆண்டுக்கு இரண்டு சுற்று. செல்போன் டவர், இன்டர்நெட் எதுவும் இல்லாமல், சொந்த ரேடியோவையும் ஆன்டெனாவையும் மட்டும் நம்பி எத்தனை நாட்டுக்காரர்களிடம் பேச முடிகிறது என்பதுதான் போட்டி.

"வாட்ஸ்அப்பில் வீடியோ காலே பேசலாமே, இது எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கான பதில் கட்டுரையின் பின்பகுதியில் இருக்கிறது.

இந்தியக் குரலுக்கு ஏன் மவுசு?

போட்டிக்காக உலகத்தை 40 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தியா, இலங்கை, நேபாளம், பூடான், வங்கதேசம், மாலத்தீவு எல்லாம் 22-வது மண்டலம். வேறு கண்டத்தில் இருப்பவரோடு பேசினால் 3 புள்ளி. ஒரே கண்டத்தின் வேறு நாடு என்றால் 1 புள்ளி. புதிதாகப் பிடிக்கும் ஒவ்வொரு நாடும், ஒவ்வொரு மண்டலமும் மொத்தப் புள்ளியைப் பெருக்கிக்கொண்டே போகும்.

நம் மக்கள்தொகைக்கு இங்கே ஹாம்கள் ரொம்பக் குறைவு. அதனால் 'வி.யு.' என்று தொடங்கும் இந்திய அழைப்புக் குறியீடு காதில் விழுந்தால், ஐரோப்பாவில் இருப்பவர்கள் மொய்த்துவிடுவார்கள். சின்ன நிலையத்துக்கும் இங்கே வாய்ப்பு உண்டு.

முதலில் லைசென்ஸ்

1,100 ஆண்டுகளுக்கு முன்பு, உத்திரமேரூர் குடவோலையில் பெயர் எழுதப்படவே வயது, சொந்த வீடு, நிலம் என்று தகுதிகள் இருந்தன. பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு 35-க்கு மேல் 70-க்குள் என்று வயதைக் கறாராகச் சொல்கிறது. ஹாம் ரேடியோவுக்கும் விதி உண்டு. ஆனால், 12 வயது நிரம்பினாலே போதும். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையில் உள்ள 'டபிள்யூ.பி.சி.' பிரிவு நடத்தும் தேர்வில் பாஸ் ஆக வேண்டும். ரேடியோ அடிப்படை, சட்ட விதிகள் என இரண்டு பகுதி. 'ரெஸ்ட்ரிக்டட்' கிரேடுக்கு வி.யு.3, 'ஜெனரல்' கிரேடுக்கு வி.யு.2 என்று அழைப்புக் குறியீடு தொடங்கும். லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம். மைக்கைத் தொடுவது அதற்கு அப்புறம்தான்!

காசு எங்கே போக வேண்டும்?

புது ஹாம்கள் பலரும் செய்யும் தவறு, இருக்கும் பணம் முழுவதையும் ரேடியோவில் கொட்டுவது. 100 வாட் வெளிநாட்டு டிரான்ஸீவர் வாங்க, பைக் வாங்கும் அளவுக்குச் செலவாகும். அதை மொட்டை மாடிக் கொடிக்கம்பியில் இணைத்தால் பக்கத்து மாநிலத்தோடு நின்றுவிடும். நிலையத்தின் உயிர் ஆன்டெனாவில்தான் இருக்கிறது.

கணக்கு எளிது. 142.5-ஐ அலைவரிசையால் (மெகாஹெர்ட்ஸில்) வகுத்தால், டைபோல் ஆன்டெனாவின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 14 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 10 மீட்டர், 7 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 20 மீட்டர் செம்புக் கம்பி. நடுவில் வெட்டி, கோஆக்சியல் கேபிளை இணைத்து, இரண்டு முனையையும் இழுத்துக் கட்டினால் ஆன்டெனா ரெடி.

சென்னை அபார்ட்மென்ட்வாசிகள் உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவது இந்த இடத்தில்தான். இரண்டு தென்னை மரம் இருந்தால் டவர் செலவு மிச்சம். மரம் காற்றில் ஆடும் என்பதால் கயிற்றின் ஒரு முனையைக் கப்பியில் விட்டு, எடைக் கல் தொங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் புயலிலேயே கம்பி அறுந்துவிடும்.

உயரமும் திசையும் முக்கியம். 14 மெகாஹெர்ட்ஸ் கம்பி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், அலைகள் தாழ்வான கோணத்தில் கிளம்பி தூர நாடுகளுக்குப் போகும். தரையோடு ஒட்டி இருந்தால், பெரும்பகுதி நேர் மேலே போய்விடும். நம் ஊரிலிருந்து ஐரோப்பா வடமேற்கில், ஜப்பான் வடகிழக்கில். டைபோல் தன் பக்கவாட்டில்தான் நன்றாக வீசும். எனவே கம்பியை வடகிழக்கு - தென்மேற்காகக் கட்டினால் ஐரோப்பா கிடைக்கும். வடமேற்கு - தென்கிழக்காகக் கட்டினால் ஜப்பான்.

அடுத்த படி என்ன?

பவரை 100 வாட்டிலிருந்து 400 வாட்டாக, அதாவது 4 மடங்கு ஏற்றினாலும், எதிர்முனையில் இருப்பவரின் எஸ் மீட்டர் ஒரே ஒரு புள்ளிதான் ஏறும். டைபோலுக்குப் பதில் மூன்று குழாய் கொண்ட யாகி ஆன்டெனா வைத்தால், ஏறக்குறைய அதே பலன் பவரைக் கூட்டாமலே கிடைக்கும். கூடவே, மெல்லிய குரல்களும் நன்றாகக் கேட்கும். 'கேட்க முடியாதவரோடு பேச முடியாது' என்பது ஹாம்களின் பாலபாடம்.

கேட்பதற்கு எதிரி, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மலிவான எல்.இ.டி. பல்பு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர், சோலார் கன்ட்ரோலர் எல்லாம் ரேடியோவில் 'உர்ர்ர்' என்று இரையும். கண்டுபிடிக்க ஒரு வழி... ரேடியோவை 12 வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டு, மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். சத்தம் நின்றால் குற்றவாளி நம் வீட்டுக்குள். பிறகு ஒவ்வொரு சாதனமாகப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். நகரத்தில் பக்கத்து வீட்டு பல்பை அணைக்க முடியாது. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் கிராமத்தில் அந்தத் தொல்லை குறைவு.

பட்ஜெட் கையைக் கடித்தால், ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த 'பிட்எக்ஸ்' இருக்கிறது. சாதாரணமாகக் கிடைக்கும் பாகங்களை வைத்தே வீட்டில் செய்யக்கூடிய டிரான்ஸீவர் இது. உலகம் முழுக்க ஹாம்கள் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். போட்டியில் 5 வாட்டுக்குள் பேசுபவர்களுக்குத் தனிப் பிரிவும் உண்டு.

மழையோடு ஒரு போட்டி

இங்கே ஒரு சிக்கல். உலகப் போட்டி நடக்கும் அக்டோபர், நவம்பர்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். எங்கோ வெட்டும் மின்னல்கூட 7 மெகாஹெர்ட்ஸில் 'படபட'வென்று வெடிக்கும். இடி நெருங்கினால் புள்ளிக்கு ஆசைப்படக் கூடாது. கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே வைப்பதே பாதுகாப்பு. தனி எர்த் கம்பி கட்டாயம். இ.பி. லைன் பக்கத்தில் ஆன்டெனா கட்டவே கூடாது. அறுந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் வேண்டும். இதில் அசட்டையாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

விளையாட்டு உயிர் காத்த நாள்

வாட்ஸ்அப் கேள்விக்கு இப்போது வரலாம். 2004 டிசம்பரில், ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமானுக்குப் போனது. ஹாம் ஒலிபரப்புக்குப் பல ஆண்டுகள் அனுமதி இல்லாத தீவு என்பதால், அங்கிருந்து ஒலித்த குரலைப் பிடிக்க உலகமே போட்டி போட்டது. டிசம்பர் 26 காலை, சுனாமி. தொலைபேசிகள் செயலிழந்தன. விளையாட்டுக்காக போர்ட் பிளேரில் அமைத்த அதே நிலையம், அடுத்த நிமிடத்திலிருந்து அவசரத் தகவல் மையமானது. உறவினர்களுக்கு என்ன ஆயிற்றோ என்று தவித்தவர்களுக்கு அந்த அலைகள் வழியே செய்தி போனது.

2016-ல் வர்தா புயல் வீசியபோது, மின்சாரமும் செல்போன் சிக்னலும் இல்லாமல் தவித்த நாட்களை இந்தப் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பேட்டரியில் ஓடும் ரேடியோவும், இரைச்சலுக்கு நடுவே ஒரு பெயரைப் பிழையில்லாமல் குறித்துக்கொள்ளும் காதும் அப்போதுதான் தேவைப்படும். 48 மணி நேரப் போட்டி அதற்குத்தான் பயிற்சி தருகிறது. போட்டியிலும் அழைப்புக் குறியீட்டைத் தப்பாக எழுதினால் புள்ளி போய்விடும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. 1924-லேயே சி.வி.கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கி, அதே ஆண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பினார்கள். பணமில்லாமல் 1927-ல் கிளப்பை மூட வேண்டியிருந்தது. அவர்களின் டிரான்ஸ்மிட்டரை வாங்கிக்கொண்ட மெட்ராஸ் மாநகராட்சி, 1930-ல் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது.

ஆர்வம் வந்துவிட்டதா? லைசென்ஸுக்கு முன்னால் ஒரு ருசி பார்க்கலாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இருக்கும் 'வெப்எஸ்டிஆர்' ரிசீவரை மொபைலிலேயே இலவசமாகத் திறந்து கேட்க முடியும். அக்டோபரின் கடைசி முழு வார இறுதியில், வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்து, 14 மெகாஹெர்ட்ஸ் பக்கம் நகர்த்திப் பாருங்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே 'விக்டர் யூனிஃபார்ம்' என்று ஒரு குரல் கேட்டால்... அது நம்ம ஊர்க்காரர்!