மெட்டு இல்லாத வீணை: தாத்தாவின் கோட்டுவாத்தியத்தைச் சரிசெய்த கதை

சேரன்மகாதேவி வீட்டுப் பரணில் பத்தமடைப் பாயில் சுற்றி வைத்திருந்த ஒரு பொருளை நாங்கள் எல்லோரும் 'தாத்தா வீணை' என்றே சொல்லிப் பழகியிருந்தோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோதுதான் அதைக் கீழே இறக்கினேன். பாயைப் பிரித்ததும் குழப்பம். குடம் இருக்கிறது, தண்டி இருக்கிறது, யாளி முகம் இருக்கிறது. மெட்டு மட்டும் ஒன்றுகூட இல்லை. எல்லாம் உதிர்ந்துபோச்சு போல என்று நினைத்தேன். ஆனால் தண்டியின் மேல் மெழுகு இருந்த தடமே இல்லை. கூடவே ஒரு துணிப்பையில், விரல் நீளத்துக்கு வழுவழுவென்று ஒரு கருங்காலிக் கட்டை.

அம்மாவிடம் கேட்டேன். "ஏய்யா, அது வீணை இல்ல, கோட்டு. தாத்தா அந்தக் கட்டைய வச்சுத்தான் இழைச்சு இழைச்சு வாசிப்பாவ" என்றாள்.

இந்தக் கட்டுரை அந்தக் கோட்டுவாத்தியத்தைப் பற்றியது. அதை எப்படிச் சரிசெய்தேன், எங்கே கெடுத்தேன், கடைசியில் அதற்கு மெட்டு வைப்பதா வேண்டாமா என்று ஒரு மாசம் ஏன் யோசித்தேன் என்பதையெல்லாம் எழுதுகிறேன். நடுவில் அமெரிக்காவின் பெடல் ஸ்டீல் கிட்டாரும் வரும். காரணம் இருக்கிறது.

கோடும் கம்பியும்

கோட்டுவாத்தியம், சித்திரவீணை, மகாநாடக வீணை எல்லாம் ஒரே வாத்தியத்தின் பெயர்கள்தான். உடம்பு கிட்டத்தட்ட வீணைதான். வீணையில் 24 மெட்டுகள் உண்டு; இதில் கிடையாது. இடது கையில் ஒரு உருளையைப் பிடித்துத் தந்திகளின் மேல் நகர்த்தி வாசிக்க வேண்டும். தமிழில் கோடு என்றால் கொம்பு, மரக்கிளை என்றெல்லாம் பொருள் உண்டு. உருளையைக் கருங்காலியிலும் கொம்பிலும் செய்திருக்கிறார்கள் என்பதால் பெயர் பொருந்தத்தான் செய்கிறது. இப்போது டெஃப்லான் உருளையும் புழக்கத்தில் இருக்கிறது. ராகம் வாசிக்க ஆறு தந்தி, தாளத்துக்கு மூன்று, அடியில் தானாக அதிர்ந்து ஒலிக்கும் அனுதந்திகள் பதினொன்றோ பன்னிரண்டோ. ஆக மொத்தம் இருபதுக்குக் குறையாது.

இதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் திருவிடைமருதூர் சகாராம ராவ். செம்மங்குடி சீனிவாசய்யர் இளமையில் அவரிடம் பாடம் கேட்டவர். அவருடைய இன்னொரு சீடர் கோட்டுவாத்தியம் நாராயண ஐயங்கார் (1903–1959). பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் கலாக்ஷேத்திராவில் கற்றுக்கொடுத்தார். மன்னார்குடி சாவித்திரி அம்மாளும் பெரிய வாசிப்பாளர். நாராயண ஐயங்காரின் பேரன்தான் ரவிகிரண். பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனால் பட்டியல் சீக்கிரமே முடிந்துவிடும். அதுதான் இந்த வாத்தியத்தின் நிலைமை.

இனி கடல் தாண்டிய கதை. 1880களில் ஹவாய்த் தீவில் ஜோசப் கெக்குகு என்ற பள்ளிச் சிறுவன், கிட்டாரின் தந்திமேல் இரும்புத் துண்டை வைத்து வழுக்கி வாசிக்கத் தொடங்கினான் என்பார்கள். அது ஹவாயன் கிட்டார் ஆனது. 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் அதை மின்சாரத்தில் பாட வைத்தது. வாணலி போன்ற வடிவம் என்பதால் பெயரே 'ஃப்ரையிங் பேன்'. ஹவாய்க் கலைஞர் டாவ் மோ குடும்பத்தோடு கல்கத்தாவில் சில வருஷம் தங்கியிருந்தார். ஹவாயன் கிட்டார் நம் நாட்டில் வேர்விட அதுவும் ஒரு காரணம். பிரிஜ் பூஷண் காப்ரா அதில் இந்துஸ்தானி ராகம் வாசித்தார். 'கால் ஆஃப் தி வேலி' (1967) இசைத்தட்டில் சந்தூர், புல்லாங்குழலோடு சேர்ந்து ஒலிக்கும் கிட்டார் அவருடையது. விஸ்வமோகன் பட் தன் மோகன வீணையோடு 1994இல் கிராமி விருது வாங்கியதும் இந்த வழியில்தான்.

அமெரிக்காவில் இதே கிட்டாருக்குக் கால்மிதி வைத்தார்கள். அதுதான் பெடல் ஸ்டீல். நான்கு காலில் நிற்கும் மேஜை மாதிரி இருக்கும். பத்துத் தந்தி, கையில் எஃகு உருளை, காலடியில் மிதிகள், முழங்காலால் தள்ளும் நெம்புகோல்கள். 1954இல் வெப் பியர்ஸ் பாடிய 'ஸ்லோலி' என்ற பாட்டில் பட் ஐசக்ஸ் மிதியை அழுத்தி ஒலிக்குள்ளேயே ஸ்வரத்தை ஏற்றிக் காட்டினார். அப்புறம் நாட்டுப்புறச் சாயல் கொண்ட அமெரிக்கப் பாட்டு இந்த அழுகை இல்லாமல் ஒலித்ததே குறைவு.

ஸ்வரத்தை இழுக்க மூன்று வழி

எனக்கு இந்த விஷயத்தில் பிடி கிடைத்தது இங்கேதான். ஒரு தந்தியின் ஸ்வரத்தை மாற்ற அதன் நீளத்தை மாற்றலாம், அல்லது விறைப்பை மாற்றலாம்.

வீணையில் கமகம் வேண்டுமென்றால் மெட்டின் மேலேயே தந்தியைப் பக்கவாட்டில் இழுப்போம். விறைப்பு கூடுகிறது, ஸ்வரம் ஏறுகிறது. கோட்டுவாத்தியத்தில் உருளை நகர்கிறது; மாறுவது நீளம் மட்டும்தான். பெடல் ஸ்டீல் இரண்டையும் செய்கிறது. கை நீளத்தை மாற்றுகிறது, கால் விறைப்பை மாற்றுகிறது. வழக்கமான ஈ9 சுருதியில் முதல் மிதியை அழுத்தினால் ஐந்தாவது, பத்தாவது தந்திகள் 'பி'யிலிருந்து 'சி ஷார்ப்' வரை ஏறும். மற்ற தந்திகள் நின்ற இடத்திலேயே நிற்கும். நம் வீணை வித்வான் இடது கை விரலால் செய்வதை அவர்கள் காலால் செய்கிறார்கள், அவ்வளவுதாங்க.

மெட்டு இல்லை என்றால் ஸ்வரம் எங்கே இருக்கிறது? என் வாத்தியத்தில் வாசிக்கும் தந்தியின் நீளம் 84 சென்டிமீட்டர். மேல் சட்ஜம் சரிபாதியில், அதாவது 42இல். பஞ்சமம் தலைப்பக்கத்திலிருந்து 28இல், சுத்த மத்யமம் 21இல். முதல் ஸ்தாயியின் தொடக்கத்தில் ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததுக்கும் கிட்டத்தட்ட 4.7 சென்டிமீட்டர் இடைவெளி. மேல் சட்ஜத்தில் அது 2.4 ஆகச் சுருங்கும். அதற்கும் ஒரு ஸ்தாயி மேலே போனால் வெறும் 1.2. கீழே ஒரு மில்லிமீட்டர் தவறினால் காது மன்னிக்கும். மேலே அதே ஒரு மில்லிமீட்டர், ஸ்வரஸ்தானத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு பிசகு. காதே மெட்டு என்று சொல்வது இதனால்தான்.

நான் செய்த தப்பு

சரிசெய்வது எப்படி என்று தேடியபோது கோட்டுவாத்தியத்தைப் பற்றித் தமிழில் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. பழைய பெடல் ஸ்டீல்களை வாங்கிப் பழுதுபார்க்கிறவர்கள் எழுதியதுதான் கிடைத்தது. அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: கழற்றுவதற்கு முன் படம் எடு, ஒவ்வொரு தந்தியின் தடிமனையும் அளந்து எழுது, அழுக்கு எது, தேய்மானம் எது என்று தெரியாமல் கை வைக்காதே. பழைய பெடல் ஸ்டீலில் பெரும்பாலான கோளாறு, பல வருஷம் விட்ட எண்ணெய் பிசினாகி அசையும் பாகங்களைப் பிடித்துக்கொள்வதுதான். அதைக் கரைத்துத் துடைத்தாலே பாதி உயிர் வந்துவிடும். இரும்பில் அவர்கள் செய்ததை மரத்தில் நானும் செய்யலாம் என்று நினைத்தேன்.

படம் எடுத்தேன், அளந்தேன். மூன்றாவது பாடத்தைத்தான் கோட்டை விட்டேன்.

குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் குதிரையில் ஒரு வெண்கலத் தகடு இருக்கும். என்னுடையதில் அது மங்கிப்போய், மேலே மெல்லிய பள்ளங்களோடு இருந்தது. உப்புத்தாளை எடுத்துப் பளபளவென்று தேய்த்துவிட்டேன். தந்தி மாட்டி மீட்டினால் ஒலி மொட்டையாக வருகிறது, சில தந்திகளில் கரகரப்பு வேறு. தந்தி தகட்டை விட்டு விலகும் இடத்தில் அந்தத் தகட்டுக்கு மிக மெல்லிய வளைவு வேண்டும். தந்தி அந்த வளைவில் உரசியும் உரசாமலும் அதிர்வதுதான் நாதம். நான் தேய்த்து எடுத்தது அந்த வளைவை.

வாத்தியத்தை வேனில் ஏற்றித் தஞ்சாவூருக்கே கொண்டுபோனேன். தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பலாக் கட்டையைக் குடைந்து வீணை செய்யும் பட்டறைகள் அங்கேதான். ஒரு பெரியவர், வீணை ஆசாரி, தகட்டைத் தடவிப் பார்த்தார்.

"யாரு தம்பி இதத் தேச்சது?"

"நான்தான் ஐயா. அழுக்குன்னு நெனச்சேன்."

"அது அழுக்கு இல்ல தம்பி. வாசிச்ச வாசிப்பு."

திட்டவில்லை. புதுத் தகடு வார்த்து, அரத்தால் ஒரு இழை, மீட்டிப் பார்த்து மறுபடி ஒரு இழை என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வளைவைக் கொண்டுவந்தார். பழைய தகடு இப்போது என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

அவரிடம் கற்ற மற்ற விஷயங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடமும் தண்டியும் சேரும் இடம்தான் முதலில் வாய் திறக்கும், ஏனென்றால் இருபது தந்திகளின் இழுப்பும் அங்கே வந்து சேர்கிறது. நான் அதை எபாக்ஸி போட்டு ஒட்டலாம் என்றிருந்தேன். அவர் வஜ்ரம்தான் காய்ச்சினார். வஜ்ரம் சூடும் ஈரமும் பட்டால் விட்டுக்கொடுக்கும். நாளைக்கு இன்னொருவர் பிரித்துச் சரிசெய்யலாம். எபாக்ஸியைப் பிரித்தால் மரமும் சேர்ந்து வரும். பிரடை வழுக்கினால் சாக்பீஸ் தூள். எண்ணெய் கூடவே கூடாது. வெயிலில் காய வைக்கக் கூடாது. சாரல் காலத்தில் பிரடை ஊதி இறுகும், சித்திரையில் தளரும். அதோடு மல்லுக்கட்டக் கூடாது.

தந்தி மாட்டுவதிலும் ஒரு சங்கதி உண்டு. ஒவ்வொன்றாக முழுச் சுருதிக்கு ஏற்றினால், இருபதாவதை முடிக்கும்போது முதலாவது இறங்கியிருக்கும். இழுப்பு கூடக் கூடத் தண்டி மயிரிழை வளைகிறது. பெடல் ஸ்டீல்காரர்களுக்கும் இதே தலைவலிதான்: மிதியை அழுத்தினால் பெட்டி வளைந்து, தொடாத தந்திகளின் சுருதி சற்றே இறங்கும். அதற்குக் 'கேபினெட் டிராப்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். மருந்து ஒன்றுதான். எல்லாத் தந்தியையும் பாதிச் சுருதிக்கு ஏற்றி, ஒரு நாள் விட்டு, மறுபடி சுற்றி வர வேண்டும். எனக்கு நான்கு சுற்று ஆனது.

மெட்டு வைக்கவா?

வேலை முடிகிற நேரத்தில் ஆசாரி தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. இதுக்கு மெழுகு போட்டு 24 மெட்டு வச்சிட்டா வீணையாயிடும். அனுதந்தியை எடுத்துடலாம், தாளத் தந்திய இடம் மாத்திக்கலாம். வாசிக்க எத்தனையோ புள்ளைங்க இருக்கு. கோட்டு வாசிக்க உங்க வீட்ல யாரு இருக்கா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டில் யாரும் இல்லைதான். தாத்தாவுக்குப் பிறகு அதைத் தொட்டவர் கிடையாது. வாசிக்காத வாத்தியம் பரணில் இருந்தால் என்ன, கண்ணாடிப் பெட்டியில் இருந்தால் என்ன? பூச்சி அரிப்பதற்கு ஒரு குழந்தை வாசிப்பது மேல். அம்மாகூட, "அவர் சொல்றதும் சரிதான" என்றாள்.

ஒரு மாசம் யோசித்தேன். தஞ்சாவூரில் புதிய வீணைகள் தினமும் உருவாகின்றன. நான் மெட்டு வைத்தால் அந்தக் கூட்டத்தில் ஒன்று கூடும், அவ்வளவுதான். கோட்டுவாத்தியக் கணக்கில் ஒன்று குறையும், அதுவும் குறைய இடமே இல்லாத கணக்கில். மெழுகைச் சுரண்டி எடுத்துவிடலாம். அனுதந்திகளுக்கான துளைகளை அடைத்துவிட்டால் திரும்ப வராது. தகட்டில் செய்த தப்பையே பெரிய அளவில் செய்கிற மாதிரி இருந்தது.

ஆனால் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் ஆசாரியின் கேள்வி தீராது. அதனால் திருநெல்வேலியில் ஒரு வீணை டீச்சரிடம் வாரம் ஒரு நாள் போகிறேன். அவர்கள் கோட்டு வாசித்ததில்லை. எதிரே உட்கார்ந்து பாடுவார்கள், நான் உருளையை நகர்த்தி அந்த இடத்தைத் தேடுவேன். வயது நாற்பத்தாறு. விரல் பழகுவேனா என்கிறது. ஆறு மாசம் ஆகியும் மாயாமாளவகௌளை சரளி வரிசையில் மூன்றாவதைத் தாண்டவில்லை. அளவு நாடா சொன்ன 28 சென்டிமீட்டரும் டீச்சர் பாடும் பஞ்சமமும் ஒன்றாகச் சேர்ந்த நாள் இரண்டோ மூன்றோ இருக்கும். அப்போது நான் தொடாத அனுதந்திகள் தாமாகவே மெல்ல ஒலிக்கும். சுருதி சேர்ந்துவிட்டது என்று அவைதான் எனக்குச் சொல்கின்றன.

போன வாரம் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "தாத்தாவும் தொடக்கத்துல இப்படித்தான் கர்ணகொடூரமா வாசிச்சாவளாம்" என்றாள். நம்பிக்கை கொடுக்கத்தான் சொல்லியிருப்பாள்.