18 பெண்கள் வாய் திறந்தார்கள். 215 பேர் குற்றவாளி!

காக்கிச் சட்டையே கொடுமை செய்தால் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? ஒரத்தநாட்டிலும் சரி, வேறு எந்த ஊரிலும் சரி, ஏழைப் பெண்கள் கேட்கும் கேள்வி இது. இதற்கு விடை சொன்ன ஊர் வாச்சாத்தி.

தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கம் உள்ள மலைவாழ் மக்கள் கிராமம் அது. 1992 ஜூன் 20-ந் தேதி சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி, வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் படையாகத் திரண்டு வந்து ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள்.

வாய் திறக்க விட்டார்களா? கிராமத்தார் மீதே கடத்தல் வழக்கு! பெண்களைக் குழந்தை குட்டிகளோடு சேலம் ஜெயிலில் அடைத்தார்கள்.

மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் துணைக்கு வந்தன. 1995-ல் ஐகோர்ட்டு சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு இழுத்த இழுப்பில் 54 பேர் செத்தே போனார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-ந் தேதி தர்மபுரி கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2023-ல் அதே தேதியில் ஐகோர்ட்டு அதை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரவும் உத்தரவிட்டது.

நீதி வர 31 வருஷம்!

இப்போதைய சட்டப்படி எந்த போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் அசையவில்லையா? மாஜிஸ்திரேட்டு கோர்ட்டுக்குப் போகலாம். பலாத்காரப் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு 6 மாதம் முதல் 2 வருஷம் வரை ஜெயில்.

சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? புகார் கொடுக்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் நாலு பேர் நிற்கணும். வாச்சாத்தி ஜெயித்தது அப்படித்தான்.