உங்களுக்குத் தெரியுமா? அண்ணாமலையின் பெயரும் பாறையும்

▪ திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் ரமணாசிரமம் அமைந்திருப்பது அண்ணாமலையின் தென் அடிவாரத்தில். கடல் மட்டத்திலிருந்து சிகரத்தின் உயரம் சுமார் 814 மீட்டர்.

▪ ‘அண்ணுதல்’ என்றால் நெருங்குதல். சிவனின் அடிமுடி தேடிய பிரமனும் திருமாலும் நெருங்க முடியாத மலை என்பதால் ‘அண்ணாமலை’ என்பது மரபு விளக்கம்.

▪ வடமொழிப் பெயர் ‘அருணாசலம்’. ‘அருணம்’ சிவப்பு, ‘அசலம்’ அசையாதது, அதாவது மலை.

▪ திருவண்ணாமலை வட்டாரத்தின் அடிப்பாறைகள் பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் வகை. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. மேலிருந்த அடுக்குகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரிக்கப்பட்ட பிறகே வெளியே தெரிந்தன.

▪ 1896இல் இங்கு வந்த ரமணர், விருபாட்ச குகையிலும் கந்தாசிரமத்திலும் பல்லாண்டுகள் தங்கினார். இரண்டும் இதே மலைச்சரிவில்தான் உள்ளன.

▪ மலையைச் சுற்றிவரும் கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். நடக்க நடக்க, மலையின் தோற்றம் மாறிக்கொண்டே வரும்!