கிட்னி மாத்திய பிறகும் ஆயுள் முழுக்க மாத்திரை ஏன்? நிறுத்தினால் என்ன ஆகும்?

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. கிட்னி வேலை செய்யுது. அப்புறம் எதுக்கு தினமும் இத்தனை மாத்திரை?" உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்ட பலருக்கும் ஒரு கட்டத்தில் எழும் கேள்வி இது. ஒன்றிரண்டு வருடம் கழித்து, 'நல்லாத்தானே இருக்கோம்' என்று மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுபவர்களும் உண்டு. அரும்பாடுபட்டு கிடைத்த கிட்னி பாழாவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

வெள்ளை அணுக்களில் 'டி செல்' என்று ஒரு வகை இருக்கிறது. உடம்புக்குள் இருப்பது நம்ம ஆளா, வெளியாளா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. கிருமி என்றால் தாக்கும். ஆனால் வந்திருப்பது உயிர் காக்கும் கிட்னி என்று அதற்குத் தெரியாது. பெற்ற தாயே கொடுத்திருந்தாலும் டி செல்லுக்கு அது வெளியாள்தான்!

1954 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டனில் டாக்டர் ஜோசப் முர்ரே செய்த கிட்னி மாற்று சிகிச்சை வெற்றி பெற்றதற்குக் காரணமே, கொடுத்தவரும் பெற்றவரும் அச்சு அசல் ஒரே மாதிரியான இரட்டையர்கள் என்பதுதான். எல்லாருக்கும் இரட்டைப் பிறவி இருக்குமா என்ன?

மண்ணில் கிடைத்த மருந்து

1960களில் அசதயோபிரின் என்ற மருந்தும் ஸ்டீராய்டும் ஓரளவு கைகொடுத்தன. பெரிய திருப்பம் வந்தது நார்வே நாட்டு மண்ணில் இருந்த ஒரு பூஞ்சையால். அதிலிருந்து பிரித்தெடுத்த சைக்ளோஸ்போரினுக்கு 1983ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அடுத்த ஆண்டே ஜப்பானின் சுகுபா மண்ணில் டாக்ரோலிமஸ் கிடைத்தது. டி செல்களை உசுப்பிவிட்டு பெருக வைக்கும் 'இன்டர்லூகின்-2' என்ற பொருள் உருவாவதை இவை இரண்டும் தடுக்கின்றன. இப்போது பெரும்பாலும் டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் சேர்த்தே தருகிறார்கள்.

இதில் எல்லாமே அளவுதான். டாக்ரோலிமஸ் ரத்தத்தில் குறைந்தால் டி செல் விழித்துக்கொள்ளும். கூடினால் கை நடுக்கம், சுகர் வரலாம், காப்பாற்ற வேண்டிய கிட்னியையே அது கெடுத்துவிடலாம். அதனால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. அன்று காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். முன்னாடியே போட்டுவிட்டுப் போனால் அளவு தப்பாகக் காட்டும், டாக்டரும் டோஸைத் தப்பாகக் குறைக்க நேரிடும்.

பழத்தில் கூட ஜாக்கிரதை தேவை. கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸ் சாப்பிட்டால் மருந்தின் அளவு ஏறலாம். பூஞ்சைத் தொற்றுக்கு தரும் ஃபுளுகோனசோலும் ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர் எதிர், சரசரவென இறக்கிவிடும். வலிக்கிறதே என்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவது கிட்னிக்கு நல்லதல்ல. எதிர்ப்பு சக்தி அடங்கியிருப்பதால் லேசான காய்ச்சலைக் கூட 'பார்த்துக்கலாம்' என்று விடாமல், மாற்று சிகிச்சை செய்த மருத்துவமனைக்கு உடனே சொல்லிவிட வேண்டும்.

முடக்குவாதத்துக்கும் இதே வழியா?

ஆமாம். முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்களில் வெளியாளே இல்லை. எதிர்ப்பு சக்தி சொந்த மூட்டையும் தோலையும் கிட்னியையுமே தாக்குகிறது. அதனால் இங்கேயும் அதை அடக்கும் மருந்துகள்தான்.

முடக்குவாதத்துக்கு அதிகம் எழுதப்படுவது மெத்தோட்ரெக்ஸேட். இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரைகளைப் போல தினமும் என்று நினைத்து விழுங்கினால் வாய்ப்புண் வரும், ரத்த அணுக்கள் குறையும், உயிரே போகலாம். கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையோடு குழம்பிவிடவும் வாய்ப்பு அதிகம். வீட்டில் வயதானவர்கள் யாராவது இந்த மருந்து எடுத்தால், எந்தக் கிழமை என்று டாக்டரிடம் கேட்டு அட்டையிலேயே பேனாவால் பெரிதாக எழுதிவையுங்கள். வாய்ப்புண், காய்ச்சல், விடாத வறட்டு இருமல் வந்தால் அடுத்த வார மாத்திரைக்குக் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.